இந்தெகிரித்தி ஒருமைப்பாடு அன்று

போன மாதம் கோலாலம்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் எண் சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே நான்கு மொழிப் பதாகை. மலாயில் 'யூனிட் இந்தெகிரித்தி'. தமிழில் 'ஒருமைப்பாட்டுப் பிரிவு'. அதற்குக் கீழே, புகார்களை இங்கே தெரிவிக்கலாம் என்று ஒரு வரி.

பக்கத்து நாற்காலிப் பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் படித்தார். "தம்பி, இது என்னா டிப்பார்ட்மென்டு? மூணு இனத்துக்கும் சண்டை வந்தா இங்கதான் வரணுமா?" என்றார். அவர் மடியில் ஒரு நீலக் கோப்பு இருந்தது. சின்னக் கடையின் லைசன்ஸ் மனு மூன்றாவது முறையாகத் திரும்பி வந்திருக்கிறதாம். நடுவில் ஒருவர் 'கோப்பி காசு', அதாவது லஞ்சம், என்று மெல்லப் பேச்செடுத்தாராம். அவர் தட்ட வேண்டிய கதவே அதுதான். அதன் பெயரைத் தமிழில் படித்துவிட்டு, தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று உட்கார்ந்திருந்தார்.

இந்த மொழிபெயர்ப்பை நான் பார்ப்பது இது முதல் தடவையோ பத்தாம் தடவையோ அன்று. பத்து வருஷத்துக்கு முன் ஒரு துண்டறிக்கையில் நானே அப்படி எழுதியிருக்கிறேன். அந்தப் பாவத்தையும் சேர்த்துத்தான் இங்கே கழுவுகிறேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் 'இன்டெகெர்' என்றால் தொடப்படாதது, குறையாதது, முழுசு. கணக்கில் முழு எண்ணை 'இன்டிஜர்' என்பதும் அதனால்தான். 'இன்டெக்ரிட்டி' ஆங்கிலம் வழியாக மலாய்க்கு வந்து 'இந்தெகிரித்தி' ஆயிற்று. இந்த முழுமை இரண்டு இடத்தில் பேசப்படும். நாடு துண்டாகாமல் முழுசாக இருப்பது ஒன்று. மனிதன் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று பிளவுபடாமல் இருப்பது இன்னொன்று.

கோளாறு இங்கேதான். இந்தியா 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் தன் அரசியலமைப்பின் முகப்புரையில் இந்தச் சொல்லைச் சேர்த்தது. அங்கே அது நாடு துண்டுபடாமையைக் குறிக்கிறது. அதற்கு 'ஒருமைப்பாடு' பொருத்தமான தமிழ்தான். நம் ஊரில் மொழிபெயர்ப்பவர் அகராதியைத் திறக்கிறார், முதலில் கண்ணில் படுவது ஒருமைப்பாடு, எழுதிவிட்டுப் போய்விடுகிறார். நாடு முழுசாக இருப்பதற்கான சொல் குமாஸ்தா மேல் வந்து விழுகிறது.

இங்கே அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. 'பெர்பாடுவான்', அதாவது இன ஒற்றுமை, அமைச்சைத் தமிழில் ஒருமைப்பாட்டு அமைச்சு என்றுதான் செய்தியில் வாசிக்கிறார்கள். பெரியவர் படித்ததில் தவறே இல்லை. எழுதியவன்தான் தவறு.

அந்தப் பிரிவு என்ன செய்கிறது என்று தெரிந்தால் சொல் தானாக வரும். 2013ஆம் ஆண்டின் 6ஆம் எண் சேவைச் சுற்றறிக்கை, அரசு நிறுவனங்களில் இந்தப் பிரிவை அமைக்கச் சொன்னது. ஆறு வேலைகள்: ஆளுகை, இந்தெகிரித்தியை வலுப்படுத்தல், தவறுகளைக் கண்டறிந்து உறுதிப்படுத்தல், புகார் நிர்வாகம், விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்த்தல், கட்டொழுங்கு. இதில் இன ஒற்றுமை எங்கே வருகிறது?

இதற்குப் பின்னால் நிற்பது எஸ்பிஆர்எம், நம் ஊழல் தடுப்பு ஆணையம். ஆரஞ்சுச் சட்டை போட்டு நீதிமன்றத்துக்கு அழைத்து வரும் படத்தோடு அதன் வேலை முடிந்துவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 7ஆம் பிரிவைப் படித்தால், புகார் பெறுவது, விசாரிப்பது எல்லாம் ஆரம்பம் மட்டும்தான். அரசு அலுவலகத்தின் நடைமுறைகளைச் சோதித்து ஊழலுக்கு எங்கே வழி இருக்கிறது என்று காட்டுவது, மாற்றச் சொல்லித் துறைத் தலைவருக்கு ஆலோசனை தருவது, மக்களுக்குக் கற்பிப்பது, அவர்கள் ஆதரவைத் திரட்டுவது, இவையும் சட்டம் சொன்ன கடமைகள். ஒரே அதிகாரி கடையைப் போய்ப் பார்த்து, அறிக்கையும் எழுதி, ஒப்புதலும் அவரே கொடுத்தால் கோப்பி காசுக்கு வழி பிறக்கும். அந்த மூன்றையும் மூன்று மேசைக்குப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இதைப் படம் பிடித்து யாரும் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

அந்த ஆணையத்தின் பெயரே ஒரு வட்டம் அடித்து வந்திருக்கிறது. 1967இல் 'பாடான் பென்செகா ரசுவா', அதாவது ஊழல் தடுப்பு நிறுவனம். 1973இல் 'பீரோ சியாசாத்தான் நெகாரா', அதாவது புலனாய்வு. 1982இல் மறுபடி 'பென்செகா'. 2009இல் இப்போதைய பெயர். செகா என்றால் வருமுன் தடுப்பது. அதனால்தான் தமிழ்நாட்டுப் பழக்கத்தில் இங்கேயும் 'லஞ்ச ஒழிப்புத் துறை' என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. தடுப்பு வேறு, ஒழிப்பு வேறு. கொசுவை அடிப்பதும் தேங்கிய தண்ணீரைக் கவிழ்ப்பதும் ஒன்றா?

சரி, ஒருமைப்பாடு வேண்டாம். பதிலுக்கு என்ன? ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், எனக்கு அண்ணன் மாதிரி, 'உயர்நெறி' என்று அடித்துச் சொல்கிறார். செய்திகளிலும் அது புழங்குகிறது. தொலைபேசியில் ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டோம். "அண்ணே, உங்க சொல்லு அழகுதான். ஆனா பள்ளிக்கூடத்துல மோரல் பாடத்துக்கு நன்னெறின்னு பேரு வச்சுட்டோம். உயர்நெறிப் பிரிவுன்னா ஞாயித்துக்கிழமை தேவார வகுப்புன்னு நினைப்பாங்க" என்றேன். அவருக்குக் கோபம். தூய தமிழ், சந்தி சுத்தம், கவுரவமான ஒலி, இன்னும் என்ன வேண்டும் என்றார்.

எனக்கு வேண்டியது வேறு. உயர்நெறி என்பது எட்ட நின்று வணங்குகிற சொல். உயரத்தில் இருக்கிறது. ஓர் அதிகாரியிடம் நாம் எதிர்பார்ப்பது மகான் தன்மை இல்லை, கோணாமல் நடப்பது. சட்டம் கேட்பதும் அதுதான். அதே ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 23ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். தனக்கோ உறவினருக்கோ கூட்டாளிக்கோ பலன் தேடிப் பதவியைப் பயன்படுத்துவது குற்றம். அண்ணன் மகன் கம்பெனிக்குக் குத்தகை கொடுக்கும் முடிவில் கையெழுத்துப் போட்டால், பதவியைத் தவறாகப் பயன்படுத்தியதாகவே சட்டம் அனுமானிக்கும், மறுத்து நிரூபிக்க வேண்டியது அதிகாரியின் பாடு. இதை நெறி தவறினார் என்பதைவிட நேர்மை தவறினார் என்றால் மளிகைக் கடைக்காரருக்கும் புரியும்.

எனக்கும் ஓர் ஆசைச் சொல் இருந்தது, 'நாணயம்'. "நாணயமான ஆளு" என்பதைவிட இந்தெகிரித்திக்கு நெருக்கமான பேச்சுத் தமிழ் இல்லை. ஆனால் 'நாணயப் பிரிவு' என்று கதவில் எழுதினால் சில்லறை மாற்ற வரிசை நிற்கும். குறளில் வரும் 'செப்பம்' இன்னும் அருமை. "சொற்கோட்டம் இல்லது செப்பம்" என்று தொடங்கி, உள்ளத்தில் கோட்டம் இல்லாமல் இருந்தால்தான் அதுவும் வாய்க்கும் என்கிறது. உள்ளும் வெளியும் ஒன்றாக இருப்பது, லத்தீன்காரன் சொன்ன முழுசு அதுதானே. என்ன செய்வது, சாலையைச் செப்பனிட்டுச் செப்பனிட்டு அந்தச் சொல்லைத் தாரில் புதைத்துவிட்டோம்.

மிஞ்சுவது நேர்மை. அது, உண்மையாக இருப்பதைக் குறிக்கும் 'ஜுஜூர்' என்ற மலாய்ச் சொல்லுக்கு உரியது என்று ஆசிரியர் கடைசி அம்பை விட்டார். ஜுஜூருக்கு வாய்மை இருக்கிறது. பொய்யே பேசாமல் அண்ணன் மகனுக்குக் குத்தகை கொடுக்கலாம், அப்போது அவர் வாய்மையானவர், நேர்மையானவர் இல்லை. நேர் என்றால் கோணாதது, நேர்கோடு. எதிர்ச்சொல் கோணல். இரண்டும் நாம் தினமும் பேசும் சொற்கள். காவல்துறையின் ஜேஐபிஎஸ்ஸை 'நேர்மை மற்றும் தர இணக்கத் துறை' என்று எழுதும் செய்தியாளர்கள் சரியாகத்தான் எழுதுகிறார்கள்.

மொழிபெயர்ப்பாளர்களை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. மாலை நாலு மணிக்குக் கோப்பை அனுப்பி, காலையில் அச்சுக்குப் போக வேண்டும் என்பார்கள். இயந்திரத்தில் போட்டு எடுத்த ஒரு வரைவு திருத்தத்துக்கு வந்தது. அதில் 'மனநிறைவு வாங்கிய அதிகாரி' என்று ஒரு வரி. பத்து நிமிடம் விழித்தேன். மலாயில் 'சுவாப்பான்', சட்ட ஆங்கிலத்தில் 'கிராட்டிஃபிகேஷன்'. சுவாப் என்றால் கவளம், ஊட்டுவது. தமிழில் கையூட்டு என்று அச்சு அசலாக அதே சொல் காத்துக்கிடக்கிறது. மலாயைப் பார்த்திருந்தால் போதும். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வந்ததால் கையூட்டு மனநிறைவாகிவிட்டது. ஒருமைப்பாடு வந்த பாதையும் அதேதான்.

இப்போது துண்டறிக்கை எழுதும்போது இப்படித்தான் எழுதுகிறேன்: 'நேர்மைப் பிரிவு. கதவில் யூனிட் இந்தெகிரித்தி என்று எழுதியிருக்கும்'. அன்று பெரியவருக்கும் இதையே சொன்னேன். "அட, இத நேரா எழுதித் தொலைச்சா என்ன?" என்று கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.