கேபிளை வெட்டாதீர்கள், ஆன்டெனாவை வெட்டுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டைமாடி. புதிதாக ஹாம் (அமெச்சூர் வானொலி) உரிமம் வாங்கிய தம்பி 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணைத்த இரண்டு கைக் கம்பி ஆன்டெனா, கட்டியிருந்தார். கேபிளோ ரேடியோ இருக்கும் அறைக்கு எட்டாமல் ஜன்னலுக்கு மேலே அந்தரத்தில் தொங்குகிறது. பக்கத்தில் ஒரு துணிப்பை. உள்ளே சாம்பாருக்கு நறுக்கிய முருங்கைக்காய் மாதிரி, அடி அடியாக 9 கேபிள் துண்டு.

"எஸ்.டபிள்யூ.ஆர். 2.5 இருந்துச்சுண்ணே. வெட்ட வெட்ட இறங்குது. இப்ப 1.7."

எஸ்.டபிள்யூ.ஆர். என்பது அனுப்பிய சக்தி ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. அதைக் குறைக்கக் கேபிளை வெட்டியதில் இந்த வருஷம் இவர் நான்காவது ஆள்.

சரி, இன்னொரு தடவை சொல்கிறேன். 50 ஓம் கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆரைத் தீர்மானிப்பது முனையில் இருக்கிற ஆன்டெனா. கேபிள் 10 மீட்டரானாலும் 14 மீட்டரானாலும் அது அதேதான். இழப்பினால் வரும் சின்ன வித்தியாசத்தை விடுங்கள். நீளத்தோடு மாறுவது ரேடியோ பார்க்கும் இம்பீடன்ஸ் (மாறு மின்னோட்டத்துக்கான எதிர்ப்பு). "மீட்டர்ல இறங்குச்சே?" இறங்கும் தம்பி. கேபிளின் மேலுறைக்குள் இருக்கும் கம்பிப் பின்னலான சடையின் வெளிப்புறத்தில் கரன்ட் ஓடினால் கேபிளே டைபோலின் மூன்றாவது கையாகிவிடும். அதை வெட்டினால் மீட்டர் ஆடாமல் என்ன செய்யும்? அதற்கு மருந்து கத்தி இல்லை, அந்த வெளிக் கரன்ட்டைத் தடுக்கும் சுருளான சோக். டைபோலின் நடுவில், 31 ரக ஃபெரைட் வளையத்தில் மெல்லிய கேபிளை 12 சுற்று சுற்றுங்கள். அப்புறம் அளந்து, எஸ்.டபிள்யூ.ஆர். மிகக் குறையும் இடம் 7 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்தால் இரண்டு கைகளையும் சமமாகச் சுருக்குங்கள். அதையும் முதலில் வெட்டாமல் மடித்துக் கட்டிப் பாருங்கள். மாடியை ஒட்டி மின்கம்பி போனால் அந்தப் பக்கம் கம்பி இழுக்கவே வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

மீட்டர் நல்ல எண் காட்டினாலும் மயங்காதீர்கள். காசிமேட்டு உப்புக்காற்றில் கிடந்த கேபிளை உரித்தால் சடை பச்சைக் களிம்பேறி இருக்கும். அப்படிக் கேபிளில் 3 டெசிபல் இழப்பு (பாதி சக்தி காலி) இருந்தால், திரும்பி வரும் அலையும் வழியிலேயே தேய்வதால், முனையில் ஆன்டெனாவே இல்லாவிட்டாலும் மீட்டர் 3 என்றுதான் காட்டும்.

நீளம் நிஜமாகவே முக்கியமான இடமும் உண்டு: ஸ்டப் (மறுமுனை எங்கும் போகாத, அளந்து வெட்டிய கேபிள் துண்டு), ஃபேஸிங் கேபிள் (பல ஆன்டெனாக்களுக்கு அலையைச் சரியான கட்டத்தில் கொண்டுபோவது). 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை 51.7 செ.மீ. ஆர்.ஜி.58 என்ற மெல்லிய கேபிளின் வேகக் காரணி (வெற்றிடத்தோடு ஒப்பிட்டால் அலை ஓடும் வேகம்) 0.66, பெருக்கினால் 34 செ.மீ. ஃபோம் கேபிளில் காரணி வேறு, நீளமும் வேறு. 2 செ.மீ. கூடுதலாக நறுக்கி, மறுமுனையைத் திறந்து வைத்து, நானோ வி.என்.ஏ. என்ற சின்ன ஆன்டெனா அளவிக் கருவியில் ரியாக்டன்ஸ் (இம்பீடன்ஸில் சக்தியைத் தின்னாத பகுதி) பூஜ்யமாகும் அலைவரிசையைப் பார்த்து, அது 145-க்கு வரும் வரை 2 மி.மீ. 2 மி.மீ.யாகக் குறையுங்கள். கனெக்டரின் நீளமும் கணக்கில் சேரும்.

பையில் இருந்ததில் ஒரு ஸ்டப்பாவது தேறுமா என்று தம்பி கேட்டார். டேப்பை வைத்தேன். ஒவ்வொன்றும் 30 செ.மீ.