மின்கலத்தின் மின்னியக்கு விசையை மாற்றுபவை எவை?

டார்ச் விளக்கில் போடும் பருத்த மின்கலத்திலும் சுவர்க் கடிகாரத்தில் போடும் பென்சில் செல்லிலும் 1.5 வோல்ட் என்றே அச்சிடப்பட்டிருக்கும். எடையில் பல மடங்கு வேறுபடும் இவ்விரண்டும் மின்னியக்கு விசையில் ஒன்றாக இருப்பதற்குக் காரணம், அந்த அளவின் வரையறையிலேயே உள்ளது. ஒரு கூலூம் மின்னூட்டத்தைச் சுற்றில் செலுத்துவதற்கு மின்கலத்தின் வேதிவினை எவ்வளவு ஆற்றல் அளிக்கிறது என்பதே மின்னியக்கு விசை. உள்ளிருக்கும் வேதிப்பொருளை இரு மடங்காக்கினால் ஆற்றலும் இரு மடங்காகிறது, வெளிவரக்கூடிய மின்னூட்டமும் இரு மடங்காகிறது; விகிதம் மாறுவதில்லை. பெரிய மின்கலம் நெடுநேரம் உழைக்கும். மின்கலத்துக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு ஏற்படும் தடையான அகமின்தடை குறைவு என்பதால் கூடுதல் மின்னோட்டமும் தரும். அதற்கு மேல் பருமனுக்கு இங்கே வேலை இல்லை.

மின்னியக்கு விசையை மாற்றுபவற்றில் முதன்மையானது, மின்கலத்தின் இரு முனைகளாக அமையும் மின்வாய்களின் தன்மைதான். ஜான் ஃபிரெடெரிக் டேனியல் 1836இல் இங்கிலாந்தில் உருவாக்கிய மின்கலத்தை எடுத்துக்கொள்வோம். அதில் துத்தநாகம் எலக்ட்ரான்களை இழந்து கரைகிறது. தாமிர அயனிகள் அவற்றைப் பெற்றுத் தாமிரமாகப் படிகின்றன. ஹைட்ரஜன் மின்வாயைச் சுழியாகக் கொண்டு அளந்தால், துத்தநாகத்தின் திட்ட மின்வாய் அழுத்தம் −0.76 வோல்ட், தாமிரத்தினுடையது +0.34 வோல்ட். இவற்றின் வேறுபாடான 1.10 வோல்ட்தான் டேனியல் மின்கலத்தின் திட்ட மின்னியக்கு விசை. தாமிரத்துக்குப் பதிலாக வெள்ளியையும் அதன் உப்புக் கரைசலையும் வைத்தால் அது 1.56 வோல்ட் ஆகிறது. லித்தியத்தின் அழுத்தம் −3.04 வோல்ட் என்பதால்தான் லித்தியம் மின்கலங்கள் மூன்று வோல்ட்டையும் எட்டுகின்றன.

அடுத்தது கரைசலின் செறிவு. இதன் விளைவு நாம் எதிர்பார்ப்பதைவிட மிகச் சிறியது என்பதே இப்பாடத்தில் வியப்புக்குரிய செய்தி என்பேன். வால்தர் நெர்ன்ஸ்ட் 1889இல் தந்த சமன்பாட்டின்படி, மின்னியக்கு விசை செறிவைப் பொறுத்து நேராக மாறுவதில்லை. செறிவு விகிதத்தின் மடக்கையை (லாகரிதம்) பொறுத்தே மாறுகிறது. டேனியல் மின்கலத்தில் தாமிர அயனியின் செறிவு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், 25 டிகிரி செல்சியஸில் மின்னியக்கு விசை சுமார் 0.03 வோல்ட் மட்டுமே இறங்குகிறது. இரு கரைசல்களும் லிட்டருக்கு ஒரு மோல் என்ற செறிவில் தொடங்கி, தாமிர அயனிகளில் ஆயிரத்தில் 999 பங்கு தீர்ந்துபோன நிலையிலும் கணக்குப்படி ஏறத்தாழ 1.00 வோல்ட் எஞ்சியிருக்கும். அது முற்றிலும் சுழியாக வேண்டுமானால், துத்தநாக அயனியின் செறிவு தாமிர அயனியினுடையதைப் போல் ஏறத்தாழ 10இன் 37ஆம் அடுக்கு மடங்காக உயர வேண்டும். தீரும் தறுவாயில் உள்ள மின்கலமும் வோல்ட்மீட்டரில் நல்ல அளவைக் காட்டிவிடுவது இதனால்தான்.

வாகனங்களின் ஈய அமில மின்கலத்தில் இதே விளைவைப் பயன்படுத்தி மின்னேற்றத்தின் அளவை அறிய முடிகிறது. அங்கே மின்பகுளியான, அதாவது அயனிகள் நகரும் கரைசலான, கந்தக அமிலமே வினையில் செலவாகிறது. அமிலத்தின் ஒப்படர்த்தியுடன் (நீரைப் போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) 0.84ஐக் கூட்டினால் அம்மின்கலத்தின் ஒரு செல்லின் மின்னியக்கு விசை தோராயமாகக் கிடைக்கும் என்பது அத்தொழிலில் வழங்கும் கணக்கு. முழுதும் மின்னேற்றிய நிலையில் ஒப்படர்த்தி 1.28 என்றால் 2.12 வோல்ட், அது 1.12 ஆகும்போது 1.96 வோல்ட். மெக்கானிக் ஒப்படர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரால் அமிலத்தை உறிஞ்சிப் பார்ப்பது, மறைமுகமாக நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைப் படிப்பதேயாகும். மின்வாயில் வாயு பங்கேற்கும் மின்கலங்களில் செறிவின் இடத்தை அவ்வாயுவின் அழுத்தம் எடுத்துக்கொள்கிறது.

வெப்பநிலை இரு வழிகளில் குறுக்கிடுகிறது. வினையின்போது என்ட்ரோபி, அதாவது பொருள்களின் ஒழுங்கின்மையின் அளவு, குறைவதாக இருந்தால், சூடு ஏற ஏற மின்னியக்கு விசை இறங்கும். என்ட்ரோபி கூடுவதாக இருந்தால் ஏறும். தெவிட்டிய கரைசலைக் கொண்ட மின்கலத்தில், வெப்பநிலையோடு உப்பின் கரைதிறனும் மாறுவதால் செறிவும் சேர்ந்து நகர்கிறது. வோல்ட்டுக்கு ஒரு நிலையான அளவுகோலைத் தேடியவர்களை இது நெடுங்காலம் அலைக்கழித்தது. 1893இல் சிகாகோவில் கூடிய பன்னாட்டு மாநாடு, லாட்டிமர் கிளார்க்கின் துத்தநாக–பாதரச மின்கலத்தை 15 டிகிரி செல்சியஸில் 1.434 வோல்ட் என ஏற்றது. ஆனால் ஒரு டிகிரி கூடினாலே அதன் மின்னியக்கு விசை ஒரு மில்லிவோல்ட்டுக்கு மேல் சரிந்தது. அதே ஆண்டில் எட்வர்ட் வெஸ்டன் துத்தநாகத்தை நீக்கிக் காட்மியத்தை வைத்தார். காட்மியம் சல்பேட்டின் கரைதிறன் அறை வெப்பநிலையை ஒட்டி அதிகம் மாறுவதில்லை. ஆகையால் சரிவு டிகிரிக்கு சுமார் 0.04 மில்லிவோல்ட்டாகச் சுருங்கியது. 20 டிகிரியில் 1.0183 வோல்ட் என்ற அம்மின்கலம் 1911 முதல் உலகத்தின் வோல்ட் அளவுகோலாக விளங்கியது.

அத்தகைய மின்கலத்திலிருந்து மின்னோட்டம் எடுக்கவே கூடாது. எடுத்தால் அகமின்தடையில் ஒரு பகுதி வீழ்ந்து, முனைகளில் மின்னியக்கு விசையைவிடக் குறைந்த மின்னழுத்தமே தென்படும். நெடுநேரம் எடுத்தால் மின்வாயை ஒட்டிய செறிவும் குலைந்துவிடும். பிளஸ் டூ இயற்பியல் ஆய்வகத்தில் மின்னழுத்தமானியின் (பொட்டென்ஷியோமீட்டர்) கம்பி மீது தொடுசாவியை நகர்த்தி, மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டர் முள் அசையாத இடத்தைத் தேடச் சொல்வதற்குக் காரணமும் அதுதான்: அந்த இடத்தில் மட்டுமே மின்கலம் எதையும் இழக்காமல் தன் முழு மின்னியக்கு விசையைக் காட்டுகிறது.