குண்டைத் தேடாதீர்கள், ரத்தத்தை நிறுத்துங்கள்

சினிமாவில் கத்தியைச் சூடாக்கிக் குண்டைத் தோண்டி எடுத்ததும் ஆள் பிழைத்துக்கொள்வான். நாங்களோ அறுவை அரங்கில்கூடப் பல நேரம் குண்டை உள்ளேயே விட்டுவிடுகிறோம். கொல்வது பெரும்பாலும் அது கிழித்த ரத்தக்குழாய்தான். வயதுவந்தவர் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம். தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த உயிர் பக்கத்தில் இருப்பவர் கையில்.

துப்பாக்கிச் சூடு ஓய்ந்து, இடம் பாதுகாப்பானது என்று தெரிந்த பிறகே நெருங்குங்கள். உடனே உதவிக்குப் போன் செய்யச் சொல்லிவிட்டு, காயத்தின் மேல் சுத்தமான துணி வைத்து, முழங்கையை மடக்காமல் உங்கள் எடை முழுவதும் இறங்கும்படி அழுத்துங்கள். நின்றதா என்று நொடிக்கொரு தரம் எடுத்துப் பார்ப்பதுதான் நான் அதிகம் காணும் தவறு. உறையத் தொடங்கிய ரத்தம் அதோடு பெயர்ந்துவிடும்.

தொடை இடுக்கிலும் அக்குளிலும் வெறுமனே அழுத்தினால் போதாது. துணியைக் காயத்தின் ஆழம்வரை விரலால் திணித்து, அதன் மேல் அழுத்த வேண்டும். அடிபட்டவர் அலறுவார், கையை எடுக்காதீர்கள்.

கை, காலில் ரத்தம் பீறிட்டால் டூர்னிக்கெட், அதாவது குச்சி வைத்து முறுக்கி இறுக்கும் அகலமான பட்டை. காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்து, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறியுங்கள். நடுவில் தளர்த்த வேண்டாம். மெல்லிய கயிறும் கம்பியும் தோலை அறுக்குமே தவிர ரத்தத்தை நிறுத்தாது.

நெஞ்சிலும் வயிற்றிலும் துணியைத் திணிக்கக் கூடாது. உள்ளே கசியும் ரத்தத்தை அறுவை மேசையில்தான் நிறுத்த முடியும். அங்கே வேகம்தான் மருந்து. நெஞ்சுக் காயத்தைக் காற்றுப் புகாமல் ஒட்டினால் உள்ளே சிக்கும் காற்று நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கும். திறந்தே விடலாம்.

"இன்னும் ட்ரிப் ஏற்றவில்லையா?" என்று உறவினர்கள் கோபிப்பார்கள். ஹூஸ்டனில் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், உடற்பகுதியில் குண்டோ கத்தியோ பாய்ந்து ரத்த அழுத்தம் சரிந்தவர்களை எடுத்துக்கொண்டார்கள். அறுவை அரங்குக்குப் போகும்வரை திரவம் ஏற்றாதவர்களில் 70 சதவீதம் பிழைத்தார்கள். முன்பே ஏற்றப்பட்டவர்களில் 62. அளவுக்கு மீறிய உப்புநீர் ரத்தத்தை நீர்க்கச் செய்து, உறையும் திறனைக் கெடுக்கும். குளிரும் அதையே செய்யும்; ஈரமான உடையை அகற்றிப் போர்த்துங்கள். குடிக்க எதுவும் தர வேண்டாம்.

முன்பக்கம் ஒரு துளை தெரிந்தால் முதுகையும் அக்குளையும் பாருங்கள்; இன்னொன்று இருக்கலாம். சட்டையை வெட்ட நேர்ந்தால் குண்டு துளைத்த இடத்தைத் தவிர்த்து வெட்டி, காகிதப் பையில் போடுங்கள். வழக்குக்கு அந்த ஓட்டை தேவைப்படும்.