கூடையிலிருந்து கூரைக்கு வைக்கும் ஒரு அடி

வேலைத் தளங்களில் பாதுகாப்பு பார்ப்பவன் நான். ஆட்களைக் கூடையில் நிற்க வைத்து உயரத்துக்குத் தூக்கும் இயந்திரமான மேன்லிஃப்ட் வருகிறது என்றாலே எனக்குப் பாதி நிம்மதி. ஏணியை விட, அவசரத்துக்குக் கட்டிய சாரத்தை விட அது எவ்வளவோ மேல். ஆனால் அதில் ஏறிப் போய் கூரை மேல் இறங்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால், பர்மிட்டில் கையெழுத்துப் போடும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: இறங்கியே ஆக வேண்டுமா?

யோசித்துப் பார்த்தால் பல நேரம் வேண்டியதே இல்லை. ஓரத்து ஷீட்டுக்கு ஸ்க்ரூ மாற்றுவது, மழைநீர்க் குழாயில் அடைப்பு எடுப்பது, கசியும் இடத்தைப் பார்த்துப் படம் எடுப்பது, இதெல்லாம் கூடைக்குள் நின்றபடியே முடியும். அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் மேலே கால் வைக்கும் பேச்சே கூடாது. வெளிச்சத்துக்காக நடுவில் போடும் பிளாஸ்டிக் ஷீட் இன்னும் மோசம். வருஷக்கணக்கில் வெயிலில் காய்ந்து நொறுங்கும் பதத்தில் இருக்கும், மேலே பெயின்ட் அடித்துவிட்டால் எது இரும்பு, எது பிளாஸ்டிக் என்றே தெரியாது.

சரி, இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அடுத்து தயாரிப்பாளரின் கையேட்டைத் திறக்க வேண்டும். மேன்லிஃப்ட் என்பது உள்ளே நின்று வேலை செய்வதற்கு வடிவமைத்த இயந்திரம். உயரத்தில் ஆள் வெளியேறுவதை எல்லாத் தயாரிப்பாளரும் அனுமதிப்பதில்லை. அனுமதிக்காத இயந்திரம் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது, வேறு வழி தேட வேண்டும். ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தூண்டிலின் நுனியில் தொங்கும் மீன் நழுவினால் கோல் எப்படித் துள்ளுகிறது? கூடையைத் தாங்கும் நீண்ட கையான பூமும், நீட்டியிருக்கும்போது அப்படித்தான். எண்பது கிலோ ஆள் கருவிப் பையோடு கூடையை விட்டு இறங்கும் அந்த நொடியில் கூடை மேலே எழும்பும், ஒரு கால் கூரையிலும் ஒரு கால் கூடையிலும் இருக்கும்போது. போதாததற்கு, இறங்குபவர் காலால் பின்னால் உந்துகிறார். கூடையிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தள்ளலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பல இயந்திரங்களின் தகட்டில் 400 நியூட்டன் என்று இருக்கும், அதாவது சுமார் 40 கிலோ பளு அளவு.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கிடங்குக் கூரையில் இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் தன் லேன்யார்டின், அதாவது உடலில் கட்டும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸோடு இணைந்த கயிற்றின், கொக்கியைக் கூடையிலேயே விட்டுவிட்டார், ஒரு பிடிமானம் இருக்கட்டுமே என்று நல்லெண்ணத்தில்தான். இயந்திரத்தை நிறுத்தும், கூடையின் சிவப்புப் பொத்தானையும் அழுத்திவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார்கள். ஆனால் கீழே நின்றவர், லாரிக்கு வழிவிட பூமைக் கொஞ்சம் திருப்பலாம் என்று சாவியைக் கிரவுண்ட் கண்ட்ரோலுக்குத் திருப்பினார். பல இயந்திரங்களில் கீழே உள்ள கட்டுப்பாடு மேலே உள்ளதை மீறி வேலை செய்யும். மேலே சிக்கியவரை இறக்குவதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். கூடை நகர்ந்தது, கயிறு விறைத்தது, அந்த மனிதர் முழங்காலில் விழுந்து ஓரத்தை நோக்கி இழுபட்டார். பக்கத்தில் இருந்தவர் போட்ட சத்தத்தில்தான் நின்றது. பிறகு டேப் வைத்து அளந்தேன். ஷீட்டில் அவர் பூட்ஸ் கீறிய கோடு முடிந்த இடத்துக்கும் கூரை விளிம்புக்கும் நடுவே ஒன்றரை அடி.

அதனால்தான் கொக்கி மாற்றும் வரிசையில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. கூரையில் முன்கூட்டியே சோதித்த ஆங்கரோ (கொக்கி மாட்டும் உறுதியான பிடிமானம்) லைஃப் லைனோ (கொக்கி மாட்டுவதற்காகக் கட்டிய பாதுகாப்புக் கயிறு) இருக்க வேண்டும். பைப்பும், ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினின் ஓட்டையும் ஆங்கர் ஆகாது. இரட்டைக் கொக்கி லேன்யார்ட் வேண்டும். கூடையை விளிம்புக்கு உள்ளே, கூரைத் தளத்துக்குச் சற்று மேலே கொண்டுபோய் நிறுத்துங்கள், நடுவில் கால் நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. ஆனால் கூடையைக் கூரை மேல் உட்கார வைக்காதீர்கள். சூடான ஹைட்ராலிக் எண்ணெய் ஆறும்போது பூம் மெல்ல இறங்கும், அந்தப் பாரம் முழுக்கக் கூரையில் விழும். கதவு வழியாக மட்டும், கம்பியைத் தாண்டிக் குதிக்காமல். முதலில் ஒரு கொக்கி கூரை ஆங்கரில், அதை இழுத்துப் பார்த்த பிறகு மற்றதைக் கூடையிலிருந்து கழற்ற வேண்டும். இரண்டு பக்கமும் மாட்டியிருக்கும் அந்தச் சில நொடிகள் இயந்திரம் இம்மியும் அசையக் கூடாது. ஆபரேட்டர் கூடையிலேயே இருந்தால் நல்லது. அப்புறம், கூடையில் உள்ள மாட்டும் வளையம் பல நேரம் உள்ளே இருப்பவர் தூக்கி எறியப்படாமல் தடுக்க மட்டுமே. வெளியே விழுபவரைத் தாங்கும் என்று கையேடு சொல்லாத வரை அதை நம்பி இறங்காதீர்கள்.

தரையும் காற்றும் தெரிந்த விஷயம்தான், சுருக்கமாகச் சொல்கிறேன். மூடிய பள்ளம், மேன்ஹோல் மூடி, புதிதாக நிரப்பிய மண், இவற்றின் மேல் சக்கரமோ, இயந்திரம் சாயாமல் ஊன்றும் காலான அவுட்ரிகரோ நிற்கக் கூடாது. வெளியே பயன்படுத்தும் இயந்திரங்களுக்குப் பொதுவாக நொடிக்கு 12.5 மீட்டர் காற்றுதான் எல்லை, மணிக்கு 45 கிலோமீட்டர். அதைத் தரையில் அளக்காதீர்கள், கூடை உயரத்தில் அளங்கள். உள்ளரங்குக்கு மட்டும் என்று எழுதியிருந்தால் அதற்குக் காற்றே ஆகாது.

இன்னொன்று இருக்கிறது, பலரும் மறப்பது. கூரையில் இருப்பவர்களுக்கு அந்த மேன்லிஃப்ட்தான் கீழே வர ஒரே வழி என்றால், பேட்டரி தீர்ந்தால் என்ன செய்வீர்கள்? ஆங்கர் கயிற்றில் ஒருவர் தொங்கினால்? ஹார்னஸில் அசையாமல் தொங்குபவருக்குக் கால்களில் ரத்தம் தேங்கும், நிமிடங்களில் நினைவு தப்பலாம். ஆகவே வேலை தொடங்கும் முன், கீழே நிற்கப்போகும் ஆளை அழைத்து, வெறும் கூடையை மேலே ஏற்றி, எமர்ஜென்சி பம்ப் மூலம் இறக்கிக் காட்டச் சொல்வேன். தடுமாறினால் அன்று யாரும் ஏறுவதில்லை. சரியாகச் செய்தால் சாவி அவர் பொறுப்பில், வாக்கிடாக்கியும் அவர் கையில். கூரையிலிருந்து குரல் வராமல் அந்தச் சாவியை அவர் திருப்புவதில்லை, லாரி எத்தனை ஹார்ன் அடித்தாலும்.