பாடம் இலவசம், தேர்வுக்குத் தனிப் பதிவு: ஸ்வயம் பற்றித் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு

பாலக்கோடு பக்கத்துப் பெண் அவள். அப்பா தக்காளி விவசாயி. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஸ்வயம் இணையதளத்தில் எட்டு வாரப் படிப்பு ஒன்றில் சேர்ந்தாள். வீட்டில் ஒரே ஒரு போன். சந்தை விலை கேட்டு, வண்டிக்குச் சொல்லி முடித்து அப்பா அதைக் கீழே வைக்க இரவு ஒன்பது மணியாகும். அதற்குப் பிறகு உட்கார்ந்து எட்டு வாரப் பாடத்தையும் பார்த்து முடித்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் அந்த நோட்டை என்னிடம் காட்டினாள். நீல மையில் குறிப்புகள், ஓரத்தில் சிவப்பில் வாராவாரம் வாங்கிய மதிப்பெண்.

"சான்றிதழ் எப்போது வரும் அக்கா?" என்று கேட்டாள்.

"தேர்வுக்குப் பதிவு செய்தாயா?"

"சேரும்போதே செய்துவிட்டேனே."

அவள் செய்தது படிப்பில் சேர்வதற்கான பதிவு. தேர்வுக்கான பதிவு வேறு. அது மூடி மூன்று வாரம் ஆகியிருந்தது. நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள், ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த நோட்டுதான்.

ஸ்வயம் என்பது ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகம் நடத்தும் இணையப் படிப்புத் தளம். 2017 ஜூலையில் தொடங்கப்பட்டது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து முதுநிலைப் பட்டம் வரைக்குமான பாடங்கள் அதில் இருக்கின்றன. கணிதம், கணினி, வரலாறு, பொருளாதாரம், வேளாண்மை, சட்டம், ஆசிரியர் பயிற்சி என்று துறைக்குப் பஞ்சமில்லை. பாடங்களைத் தயாரிப்பது ஒரே நிறுவனம் அன்று. தேசிய ஒருங்கிணைப்பாளர்கள் என்ற பெயரில் ஒன்பது நிறுவனங்கள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. பள்ளிப் பாடம் என்.சி.இ.ஆர்.டி.யிடமும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியிடமும் இருக்கிறது. பொறியியலில் பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்வது என்.பி.டி.இ.எல்.; சென்னை ஐ.ஐ.டி.யும் மற்ற ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-லேயே தொடங்கிய திட்டம் அது. செட்டிக்கரையிலோ பர்கூரிலோ அரசுப் பொறியியல் கல்லூரியில் படிக்கும் மாணவர், ஐ.ஐ.டி. வகுப்பறையில் நடக்கும் அதே பாடத்தைத் தன் விடுதி அறையில் இருந்தபடி கேட்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், நுழைவுத் தேர்வும் கிடையாது.

சேர்வதற்குக் கட்டணம் இல்லை. வீடியோ பார்க்க, குறிப்புகளைத் தரவிறக்க, வாராந்தரப் பயிற்சிகளை எழுத, பேராசிரியரிடம் சந்தேகம் கேட்க, எதற்கும் பணம் கிடையாது. 'ஸ்வயத்தில் சேர்த்துவிடுகிறேன், பதிவுக் கட்டணம் கொடுங்கள்' என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். தளத்தின் முகவரி 'gov.in' என்று முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் முகவரி ஒன்று இருந்தால் போதும், நீங்களே ஐந்து நிமிடத்தில் சேர்ந்துவிடலாம்.

சான்றிதழ் வேண்டும் என்றால்தான் பணம். அதற்கு நேரில் போய் ஒரு தேர்வு மையத்தில் தேர்வு எழுத வேண்டும். என்.பி.டி.இ.எல். படிப்புகளுக்கு ஒரு தேர்வுக்கு 1000 ரூபாய் கட்டணம் இருந்துவருகிறது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதில் பாதி. சித்தேரி, வத்தல்மலை பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்தச் சலுகை உண்டு. விண்ணப்பத்தில் அந்த இடத்தைக் கவனிக்காமல் முழுப்பணமும் கட்டிவிட வேண்டாம்; சாதிச் சான்றிதழை முன்கூட்டியே எடுத்து வைத்திருங்கள். மற்ற ஒருங்கிணைப்பாளர்களின் படிப்புகளுக்குக் கட்டணமும் தேர்வு முறையும் மாறும். சேரும் முன்பு அந்தப் படிப்பின் முதல் பக்கத்தைக் கடைசி வரி வரை படித்துவிடுங்கள்.

இனி அந்தப் பெண் தவறவிட்ட இடத்துக்கு வருகிறேன். படிப்புகள் ஆண்டுக்கு இரண்டு பருவமாக நடக்கின்றன: ஜனவரியில் ஒன்று, ஜூலையில் ஒன்று. படிப்பில் சேர்வதற்கு ஒரு கடைசி நாள். வாராவாரம் பயிற்சியைச் சமர்ப்பிக்க ஒரு கடைசி நாள். தேர்வுப் பதிவுக்கு வேறொரு கடைசி நாள். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே தேர்வுப் பதிவு திறக்கும், பாடம் முடிவதற்குள் மூடியும் விடும். எல்லாப் பாடத்தையும் பார்த்து முடித்துவிட்டு, தைரியம் வந்த பிறகு பதிவு செய்யலாம் என்று காத்திருப்பவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்காது. நம் பிள்ளைகள் தயங்குகிறவர்கள். ஆயிரம் ரூபாயைக் கட்டிவிட்டுத் தோற்றால் வீட்டில் என்ன சொல்வது என்று யோசிப்பவர்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் பதிவு திறந்தது முதல் மூடுவது வரை நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். முதல் இரண்டு வார மதிப்பெண்ணைப் பார்த்து முடிவெடுங்கள்.

இன்னொன்று. படிப்பில் சேர்ந்த அதே மின்னஞ்சலில்தான் தேர்வுக்கும் பதிவு செய்ய வேண்டும். கணினி மையத்தில் ஒரு மின்னஞ்சலை உருவாக்கிச் சேர்ந்துவிட்டு, கடவுச்சொல்லை மறந்து, தேர்வுக்கு அண்ணனின் மின்னஞ்சலைக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் வாராவாரம் வாங்கிய மதிப்பெண் ஒரு பக்கமும் தேர்வு மதிப்பெண் ஒரு பக்கமுமாக நிற்கும். மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

என்.பி.டி.இ.எல். படிப்புகளில் தேர்ச்சிக் கணக்கு எளிது. வாராந்தரப் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75. எட்டு வாரப் படிப்பில் மிக நன்றாகச் செய்த ஆறு பயிற்சிகளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு வாரப் படிப்பில் எட்டு, நான்கு வாரப் படிப்பில் மூன்று. ஆகவே அறுவடை நேரத்தில் ஒரு வாரம் தவறிவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று விட்டுவிட வேண்டியதில்லை. பயிற்சியில் 25-க்குக் குறைந்தது 10, தேர்வில் 75-க்குக் குறைந்தது 30. இரண்டையும் தனித்தனியே எட்ட வேண்டும்.

இந்தப் படிப்புகளின் தேர்வு காலை 9 முதல் 12 வரை அல்லது பிற்பகல் 2 முதல் 5 வரை நடக்கும். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஓசூர்க்காரருக்குச் சேலத்தைவிடப் பெங்களூரு பக்கம், அரூர்க்காரருக்குச் சேலம். அஞ்செட்டியிலிருந்தோ ஒகேனக்கல் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடித்துக் காலை ஒன்பது மணிக்கு மையத்தில் இருப்பது நடக்காத காரியம். வேளையைத் தேர்வுசெய்ய விண்ணப்பத்தில் இடமிருந்தால் பிற்பகலைக் கேளுங்கள். நுழைவுச்சீட்டை அச்சிட்டும், அசல் அடையாள அட்டையையும் கையில் கொண்டுபோக வேண்டும். போனில் காட்டினால் போதும் என்று நம்பிப் போகாதீர்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு இதில் ஒரு பெரிய பயன் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறைப்படி ஒரு பருவத்தில் 40 சதவீதப் பாடங்கள் வரை ஸ்வயம் வழியாகப் படித்து, அந்த மதிப்பைப் பட்டப்படிப்பிலேயே சேர்த்துக்கொள்ளக் கல்லூரி இடம் தரலாம். ஆனால் எந்தப் படிப்பை ஏற்பது என்று உங்கள் கல்லூரியும் பல்கலைக்கழகமும்தான் சொல்ல வேண்டும். முதலில் துறைத் தலைவரைப் பார்த்து, படிப்பின் பெயரைச் சொல்லி, ஏற்றுக்கொள்வோம் என்று எழுத்தில் வாங்கிவிட்டுச் சேருங்கள். படித்து முடித்துவிட்டுக் கேட்டால் பதில் எப்படி வேண்டுமானாலும் வரலாம்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு ஐ.ஐ.டி. பேராசிரியரின் ஆங்கிலம் முதல் வாரத்திலேயே மலைப்பைத் தரும். என்.பி.டி.இ.எல். பல பாடங்களின் உரையைத் தமிழில் மொழிபெயர்த்து வைத்திருக்கிறது. பக்கத்தில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு வீடியோவைக் கேளுங்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் 'இ-கும்ப்' தளத்தில் டிப்ளமோ, பொறியியல் பாடநூல்கள் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. கிருஷ்ணகிரி பாலிடெக்னிக் மாணவர்கள் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்தில் ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை எல்லாப் பாடநூலும் கோப்பாகக் கிடைக்கும், ஒரு பைசா செலவில்லை. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு, கன்னட வழியில் படிக்கும் பிள்ளைகளின் புத்தகங்களும் அங்கேயே இருக்கின்றன. புத்தகத்துக்குள் பாட ஓரத்தில் ஒரு சிறிய கறுப்புக் கட்டம் அச்சாகியிருக்கும். விரைவுக் குறியீடு என்று முன்பக்கத்தில் விளக்கியிருப்பார்கள். தீக்ஷா செயலியில் அதைக் காட்டினால் அந்தப் பாடத்துக்கான வீடியோ திறக்கும். போன் கேமரா கீறிப்போயிருந்தால் கட்டத்தின் அடியில் இருக்கும் ஆறு எழுத்துக் குறியீட்டைச் செயலியில் தட்டச்சு செய்தாலே போதும். இந்த ஆறு எழுத்தைப் பற்றிப் பல பெற்றோருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கண்ணாடி உடைந்த போனோடு தினமும் போராடும் வீடுகளுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. சிக்னல் கிடைக்கும் இடத்தில் வீடியோவைத் தரவிறக்கிக்கொண்டு மலைக்குப் போய்ப் பார்க்கவும் தீக்ஷாவில் வழி உண்டு. பள்ளிக் கல்வித் துறை 2023-ல் வெளியிட்ட மணற்கேணி செயலியும் இலவசம். தொட்டனைத் தூறும் என்ற குறளிலிருந்து எடுத்த பெயர்.

இணையமே எட்டாத வீட்டுக்குத் தொலைக்காட்சி இருக்கிறது. ஸ்வயம் பிரபா அலைவரிசைகள் தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷில் மாதக் கட்டணமில்லாமல் வருகின்றன. அன்றைய புதிய பாடத்தை ஒரே நாளில் திரும்பத் திரும்ப ஒளிபரப்புகிற ஏற்பாடு அது. மாலையில் ஆடு ஓட்டிக்கொண்டு வீடு திரும்பும் பிள்ளை காலைப் பாடத்தை இரவில் பார்க்கலாம். மாநில அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் இருக்கிறது.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் மெய்நிகர் கற்றல் தளத்தைப் பாருங்கள், குறிப்புகள் தமிழிலேயே இருக்கின்றன. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் நேரடி வகுப்பும் இலவசம். நான் முதல்வன் படிப்புகள் கல்லூரி வழியாகத்தான் வரும், தனியாகச் சேர வேண்டியதில்லை. தமிழ் இலக்கியம் படிப்பவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஒரு புதையல்; சங்க நூல்கள் உரையோடு இருக்கின்றன. மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் வேளாண் பல்கலைக்கழகத்தின் தமிழ் இணையதளத்தில் பூச்சி, நோய், உரம் எல்லாவற்றையும் படிக்கலாம். நம் பையூர் ஆராய்ச்சி நிலையம் தந்த பையூர் 1 மாமரம் அந்தப் பல்கலைக்கழகத்துடையதுதான்.

பாலக்கோட்டுப் பெண் ஜனவரிப் பருவத்துக்கு மறுபடியும் சேர்ந்திருக்கிறாள். அதே நோட்டைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறாள், புதிதாக முதல் பக்கத்தில் மூன்று தேதிகள் சிவப்பில் எழுதியிருக்கிறாள். தேர்வுப் பதிவு திறந்த அன்றே அப்பாவிடம் போனைக் கேட்டு வாங்கிவிட்டதாகப் போன ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்.