அமெரிக்கானா

இன்று இதை ஓர் இசைவகையின் பெயராகத்தான் கேட்கிறோம். ஆனால் பாட்டுக்கு இந்தச் சொல் வந்தது அண்மையில்தான். அதற்கு முன் இது பழம்பொருள் சேர்ப்பவர்களின் சொல்.

‘ஆனா’ என்பது இலத்தீன் பன்மை விகுதி. நம் ‘பழையவை’, ‘நல்லவை’ என்பவற்றில் வரும் ‘வை’ மாதிரி. அமெரிக்காவைச் சார்ந்தவை எல்லாம் அமெரிக்கானா: பழைய வரைபடம், ஒட்டுத்துணிப் போர்வை, தகர விளம்பரப் பலகை. விக்டோரியா அரசி காலத்துப் பொருட்கள் ‘விக்டோரியானா’ ஆனதும் இப்படித்தான்.

1995 ஜனவரியில், வானொலித் துறை இதழான ‘கேவின் ரிப்போர்ட்’ இந்தப் பெயரில் பாடல் தரவரிசை ஒன்றைத் தொடங்கியது. நாட்டுப்புறப் பாட்டு, கன்ட்ரி என்னும் அமெரிக்கக் கிராமத்து இசை, புளூஸ் என்னும் கறுப்பின மக்களின் இசை எல்லாம் கலந்து பாடுகிறவர்களுக்கு கன்ட்ரி நிலையத்திலும் இடமில்லை, ராக் நிலையத்திலும் இடமில்லை. அவர்களுக்கென்று ஒதுக்கிய திண்ணை இது. 1999இல் இந்த இசைக்கென்று ஒரு சங்கம் வந்தது, 2010இல் கிராமியில் தனி விருது, 2011இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் இசைப் பொருள்.

இவ்வகைப் பாடகி கில்லியன் வெல்ச்சைக் கேட்டால் சொல்லின் சுவை பிடிபடும். அவரும் அவரது இசைத்துணை டேவிட் ராலிங்ஸும். இரண்டு குரல், இரண்டு கிதார், சில சமயம் பாஞ்சோ என்னும் நரம்புக் கருவி. 2001இல் வந்த அவரது தொகுப்பின் கடைசிப் பாடல் ஏறத்தாழ 15 நிமிடம் ஓடுகிறது, துளி அவசரமில்லாமல். பக்கத்து அறையில் யாரோ தனக்குத்தானே பாடிக்கொள்வது போலிருக்கும். நாம்தான் காதைக் கொண்டுபோக வேண்டும்.

தமிழில் என்ன சொல்வது? ‘நாட்டார் பாடல்’ பொருந்தாது. அது ஆக்கியவர் பெயர் தெரியாமல் வாய்வழி வருவது. இங்கே எழுதியவர் பெயரும் உண்டு, காப்புரிமையும் உண்டு. ‘மண்ணிசை’ கேட்க அழகு, பொருள்தான் இடிக்கிறது. வெல்ச் பிறந்தது நியூயார்க், வளர்ந்தது லாஸ் ஏஞ்சல்ஸ். கிழக்கு அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைப்பாட்டின் சாயல் அவருக்குக் கேட்டுக் கேட்டுப் படிந்தது. அதற்காகவே தொடக்கத்தில் குத்தலும் வாங்கினார். மரபு அப்படியில்லை, பிறந்த ஊர் கேட்காது. எனவே ‘அமெரிக்க மரபிசை’ என்பேன்.

தானே எழுதி, மெட்டமைத்துப் பாடுபவருக்குக் கர்நாடக இசையுலகில் ‘வாக்கேயகாரர்’ என்ற சொல் உண்டு. கிதாரோடு உட்கார்ந்திருப்பவருக்கு அது கொஞ்சம் பட்டுச் சால்வை. ‘பாட்டுக்காரர்’ போதும்.