பக்கத்து வீட்டுக்குப் பரவாத காய்ச்சல்

மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கும் நாட்களில் குடியாத்தம், பேர்ணாம்பட்டு, பரதராமிப் பக்கமும், எல்லைக்கு அந்தப்புறம் சித்தூர், பலமநேர்ப் பக்கமும் ஒரு காய்ச்சல் தலைகாட்டும். வீட்டில் மாமியாருக்கு வரும். அவரோடு ஒரே பாயில் படுக்கும் பேரனுக்கு வராது. தெருவில் ஒருவர் பத்து நாளாகப் படுத்திருப்பார். பக்கத்து வீட்டில் எல்லோரும் நன்றாக இருப்பார்கள். தொற்றுநோய் என்றால் இருமல், குடிதண்ணீர், கொசு என்றே யோசித்துப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு பிடிபடாது. ஸ்க்ரப் டைபஸ், நம் பேச்சில் உண்ணிக் காய்ச்சல், என்கிற இந்தக் காய்ச்சல் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதே இல்லை. புதரடி மண்ணில் அது தன் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருக்கிறது. அங்கே போகிறவருக்கு வருகிறது.

நோய்க்குக் காரணம் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி என்ற பாக்டீரியா. அதைச் சுமப்பது மைட் எனப்படும் மிகச் சிறிய பூச்சி. ஆட்டிலும் மாட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பெரிய உண்ணி வேறு, இது வேறு. உண்ணிக் காய்ச்சல் என்றதும் மாட்டுக் கொட்டகையைச் சுத்தம் செய்கிறவர்கள் நல்ல வேலைதான் செய்கிறார்கள், ஆனால் ஆபத்து இருக்கும் இடம் ஏரிக்கரைப் புதர், கடலைக்கொல்லை வரப்பு, மாந்தோப்பில் களை மண்டிய ஓரம்.

முட்டையிலிருந்து வெளிவரும் மைட் குஞ்சுக்கு ஆறு கால்கள், நீளம் 0.2 மில்லிமீட்டர் அளவுதான். கண்ணுக்குத் தெரியாது என்றே சொல்லிவிடலாம். வளர்ந்ததும் எட்டுக் கால் வரும். வளர்ந்த பூச்சி மண்ணிலேயே கிடந்து மற்றப் பூச்சிகளின் முட்டைகளைத் தின்று வாழும், நம்மைச் சீண்டாது. குஞ்சுப் பருவத்தில் மட்டும் அதற்கு ஓர் உயிரின் தோல் வேண்டும், அதுவும் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை. பெரும்பாலும் எலிதான் அகப்படும். சில நேரம் நாம்.

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. கொசு ஒருவரைக் கடித்துக் கிருமியை எடுத்து, இன்னொருவரைக் கடிக்கும்போது கொடுக்கிறது. ஒரே தடவை கடிக்கிற பூச்சி எப்படிக் கிருமியைக் கொடுக்க முடியும்? பிறக்கும்போதே அதனிடம் கிருமி இருக்க வேண்டும். அப்படித்தான் இருக்கிறது. தாய்ப்பூச்சியின் உடலிலிருந்து பாக்டீரியா முட்டைக்குள் போகிறது. முட்டையிலிருந்து குஞ்சுக்கு, அந்தக் குஞ்சு வளர்ந்து தாயானால் அதன் முட்டைகளுக்கு என்று தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது. இந்த நோயில் எனக்கு மிகவும் வியப்பளிக்கும் இடம் இதுதான். எலி இதில் முக்கியமாக மைட்டுக்கு உணவு. மைட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சுமந்துபோகிற வண்டியும் அதுவே. கிருமியின் நிரந்தர வீடு மைட்தான்.

மைட்டுக்கு ஈரமும் நிழலும் வேண்டும். அதனால் நிலம் முழுக்கப் பரவாமல் அங்கங்கே திட்டுத் திட்டாக வாழ்கிறது. வரப்பில் ஒரு மூலையில் ஏராளமாக இருக்கும், பத்தடி தள்ளி ஒன்றுகூட இராது. புல் அறுக்க அந்த மூலையில் குனிந்த பெண்ணுக்குக் காய்ச்சல் வரும், கூடப் போனவருக்கு வராது. மழைக்குப் பிறகு புல்லும் புதரும் தழைக்கும்போது குஞ்சுகள் பெருகுகின்றன. வேலூரில் 2001 அக்டோபரிலிருந்து 2002 பிப்ரவரி வரை நோயாளிகள் கூட்டமாக வந்தபோது, குளிர் மாதங்களோடு இந்தக் காய்ச்சலுக்குள்ள தொடர்பை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்தார்கள்.

உடம்பில் ஏறிய குஞ்சு உடனே கடிப்பதில்லை. துணி இறுக்கிப் பிடித்திருக்கும் இடம் வரை ஊர்ந்து போகும்: பாவாடை நாடா, அரைஞாண் கயிறு, அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு. அது இரத்தம் குடிப்பதில்லை. எச்சிலை இறக்கித் தோல் திசுவைக் கரைத்து அதை உறிஞ்சுகிறது. வலி கிடையாது. கடித்த இடம் சில நாளில் புண்ணாகி நடுவில் கறுத்துப் பொருக்குத் தட்டும், சிகரெட்டால் சுட்ட காயம் போல. காய்ச்சல் வருவதற்குக் கடித்து ஏறத்தாழ பத்து நாள் ஆகிவிடும். எந்தப் புதருக்குப் போனோம் என்பதே அதற்குள் மறந்துபோயிருக்கும்.

உள்ளே போன பாக்டீரியா இரத்தக் குழாய்களின் உட்சுவரில் இருக்கும் செல்களுக்குள் புகுந்து பெருகுகிறது. சுவர் புண்பட்டு நீர் கசியத் தொடங்கும். இரத்தக் குழாய் இல்லாத உறுப்பு ஏது? அதனால்தான் ஒருவருக்கு மூச்சுத் திணறல், ஒருவருக்குச் சிறுநீரகக் கோளாறு, இன்னொருவருக்கு மூளைக் காய்ச்சல் என்று ஒரே நோய் பல முகம் காட்டுகிறது. தட்டணுக்களும் குறையும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு தட்டணு குறைந்தால் டெங்கு என்று முடிவுகட்டிவிடுவது எளிது. டெங்குவுக்குக் கிருமியைக் கொல்லும் மருந்து இல்லை, கவனித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஸ்க்ரப் டைபஸில் அப்படிக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து. வழக்கமாகப் போடும் பென்சிலின் வகை ஊசிகளும் இதில் வேலை செய்யாது.

வேலை செய்யும் மருந்து பல வருடமாக நம் கையில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அசாம், பர்மா காடுகளில் இந்தக் காய்ச்சலில் விழுந்த சிப்பாய்களுக்கு மருந்தே இல்லை. 1948இல் கோலாலம்பூரில் குளோரம்பெனிக்கால் கொடுத்தபோதுதான் முதன்முறையாக நோய் கட்டுப்பட்டது. இன்று விலை மலிவான டாக்ஸிசைக்ளின் போதும். பெரும்பாலோருக்கு 2 நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுக்கிறார்கள். கர்ப்பத்தில் இந்த நோய் கருவையே கலைத்துவிடக்கூடும் என்பதால் அவர்கள் விஷயத்தில் தாமதம் கூடவே கூடாது. நோய் முற்றியவர்களுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது ஒன்றை மட்டும் ஏற்றுவதைவிட நல்லது என்று வேலூர் மருத்துவர்கள் முன்நின்று நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது.

ஆக, சிக்கல் மருந்தில் இல்லை, சந்தேகப்படுவதில் இருக்கிறது. இரத்தப் பரிசோதனை முதல் வாரத்தில் ஒன்றும் இல்லை என்று காட்டக்கூடும். கறுத்த பொருக்கைப் பார்த்தால் அந்த நிமிடமே சிகிச்சை தொடங்கலாம். ஆனால் அது இருப்பது காட்டக் கூச்சப்படும் இடங்களில். எல்லோருக்கும் இருப்பதும் இல்லை. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் தலைமாட்டில் நின்று, "எங்கேயாவது கறுப்பாப் புண்ணு இருக்குதாம்மா?" என்று கேட்டால், "இல்ல டாக்டர்" என்றுதான் பதில் வரும். வலிக்காத புண்ணை அவரே பார்த்திருக்க மாட்டார். திரைக்குப் பின்னால் ஒரு நர்ஸ் அக்கா இரண்டு நிமிடம் பொறுமையாகத் தேடிப் பார்த்தால் உயிர் பிழைக்கும். வீட்டிலும் செய்யலாம்: ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல் என்றால் அம்மாவின் இடுப்பையும் அக்குளையும் மகள் பார்க்கட்டும். கொல்லைக்கோ காட்டுக்கோ போனதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும்.

புல் அறுத்து, விறகு பொறுக்கி வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியை உடனே துவைக்கப் போட்டால் ஒட்டியிருக்கும் குஞ்சுகளில் பெரும்பகுதி போய்விடும். துவைத்ததைப் புதர் மேல் உலர்த்தாமல் கொடியில் போட வேண்டும். தடுப்பூசி இன்னும் இல்லை. ஓரியன்ஷியாவில் ஒன்றுக்கொன்று மிகவும் மாறுபட்ட வகைகள் பல இருப்பது அதற்கு ஒரு பெரிய தடை. ஒரு வகையால் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி இன்னொரு வகையை நெடுநாள் தடுப்பதில்லை. போன வருடம் வந்தவருக்கு அடுத்த மழைக்குப் பிறகு மறுபடியும் வரலாம்.